வீட்டில் கர்ப்பிணி, கூடவே இரண்டு பூனை: மணல் தட்டை எப்படி வைத்துக்கொள்வது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மனைவிக்கு மூன்றாம் மாதம். வீட்டில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு பூனைகள், மூன்று வயது, வெளியே விடுவதில்லை. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் மணலை அள்ளி ஒரு பழைய டப்பில் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என் மனைவி அள்ளிக் கொட்டி, பினாயில் ஊற்றிக் கழுவுகிறாள். ஆனாலும் வீடு நாறுகிறது. பூனைப் பீயால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று யாரோ சொன்னதிலிருந்து, இரண்டையும் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வா என்கிறார் அம்மா. விடத்தான் வேண்டுமா? வைத்துக்கொள்வதென்றால் எப்படிச் சுத்தமாக வைப்பது?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனைகளை விட வேண்டாம். ஆனால் இன்று ராத்திரியிலிருந்தே மூன்று காரியம் மாற வேண்டும். உங்கள் மனைவி அந்த டப்பைத் தொடக் கூடாது. இனி அது உங்கள் வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்பது போய் தினமும் அள்ள வேண்டும். பினாயில் பாட்டில் அந்தப் பக்கமே வரக் கூடாது. காரணம் புரிந்தால்தான் பத்து மாதம் விடாமல் செய்ய மனம் வரும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நான் கடலூர் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டிலும் இப்போது மூன்று பூனைகள் இருக்கின்றன.

உங்கள் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. அவரிடம் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பேசிவிடாதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி உண்டு. 1908-இல் துனிஸ் நகரத்தில், கண்டி என்கிற எலி போன்ற ஒரு பிராணியின் உடம்பில் அதைக் கண்டுபிடித்தார்கள். பெயரில் உள்ள கோண்டி அங்கிருந்து வந்ததுதான். அது எப்படிப் பரவுகிறது என்பது அதற்குப் பிறகும் நெடுங்காலம் முழுதாகப் பிடிபடவில்லை. பூனையின் மலத்தில் வெளியேறுகிறது என்று உறுதியானது 1970 வாக்கில். ஆடு, கோழி, எலி, மனிதர் என்று எல்லாருக்கும் அது தொற்றும். ஆனால் அதன் கூடுகள், அதாவது முட்டை போல ஓடு மூடிய நுண்ணிய உருக்கள், மலத்தில் வெளியேறுவது பூனை இனத்தில் மட்டுமே. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சமயத்தில் தொற்றினால், தாய்க்கு லேசான காய்ச்சல், நெறிகட்டுதல் என்று ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். பிள்ளைக்குப் போனால் கருச்சிதைவு, மூளையில் நீர் கோத்தல், கண்ணின் விழித்திரையில் வடு என்று பெரிய கேடுகள் வரலாம். முதல் மாதங்களில் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் போனால் சேதம் அதிகம். பின் மாதங்களில் இது தலைகீழ்.

இனி பூனையின் பக்கத்தைப் பாருங்கள். பூனைக்கு இது எங்கிருந்து வருகிறது? எலியையோ குருவியையோ பிடித்துத் தின்பதிலிருந்து, அல்லது நாம் போடும் பச்சை இறைச்சியிலிருந்து. தொற்றிய சில நாளில் அதன் மலத்தில் கூடுகள் வர ஆரம்பிக்கும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை லட்சக்கணக்கில் வரும், பிறகு நின்றுவிடும். உடம்பில் எதிர்ப்பு உண்டாகிவிடுவதால் பெரும்பாலான பூனைகள் ஆயுளில் ஒருமுறைதான் இப்படி வெளியேற்றுகின்றன. மூன்று வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்து, வேகவைத்த மீனும் சோறும் தின்னும் பூனை இன்றைக்கு அதை வெளியேற்றிக்கொண்டிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கோழிக்கடையில் வாங்கும் கழிவைப் பச்சையாகப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். குக்கரில் நாலு விசில் விட்டுப் போடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த விஷயம். புதிதாகப் போன மலத்தில் அந்தக் கூடுகள் இருந்தாலும் அவை உடனே தொற்றாது. காற்றும் ஈரமும் வெப்பமும் பட்டு, உள்ளே முற்ற வேண்டும். அதற்கு ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். நம் புதுச்சேரி, கடலூர் புழுக்கத்தில் ஐந்து நாளை நம்பாதீர்கள், ஒரு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலம் விழுந்து 24 மணி நேரத்துக்குள் அது வீட்டை விட்டு வெளியேறிவிட்டால், அது முற்றுவதற்கே இடம் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று நாள் விட்டு அள்ளும்போது, முற்றிப்போனதைத்தான் உங்கள் மனைவி கையில் எடுத்துக்கொண்டிருந்தார். எந்த மருந்தும் எந்த வாசனைத் திரவமும் செய்யாத வேலையை இந்த ஒரு நாள் கணக்கு செய்யும். காலையில் பல் தேய்த்ததும் ஒருமுறை, ராத்திரி சாப்பிட்டதும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தவறவே தவறாது.

மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ரத்தத்தில் டாக்ஸோபிளாஸ்மாவுக்கான ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருள்கள் இரண்டையும் பார்க்கும் பரிசோதனை உண்டு. டார்ச் டெஸ்ட் என்று எழுதிக் கொடுப்பதில் இதுவும் அடங்கும். முன்பே தொற்றி ஆறியிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒருபோதும் தொற்றியிராதவருக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களாக முடிவு கட்ட வேண்டாம், அதை அவர் சொல்லட்டும்.

பூனையை மடியில் வைத்துத் தடவுவதால் இது வருவது அரிது. சமையலறை வழியாக வருவதே கூடுதல். பச்சை ஆட்டுக்கறி நறுக்கிய கத்தியும் பலகையும், மண்ணோடு வரும் கீரை, நன்றாக வேகாத ஈரல். ரத்தம் ஊறட்டும் என்று கர்ப்பிணிக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அன்போடு செய்கிற காரியம்தான், ஆனால் உள்ளே சிவப்பாக இருக்கும்படி வாட்டிக் கொடுக்கக் கூடாது. முழுக்க வேக வேண்டும். குடிநீரும் காய்ச்சியே குடிக்கட்டும். 2004-05-இல் கோயம்புத்தூரில் 200 பேருக்கு மேல் இந்த ஒட்டுண்ணியால் கண் பாதிக்கப்பட்டு வந்தார்கள்; அங்குள்ள கண் மருத்துவர்கள் சந்தேகப்பட்டது குழாய்த் தண்ணீரை. அவர்கள் எல்லாரும் பூனை வளர்த்தவர்களா என்ன? இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இப்போது பினாயில். இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். நம் வீடுகளில் பினாயில் வாடை வந்தால்தான் கழுவியதாக மனசுக்குப் படுகிறது. கறுப்பு பினாயிலில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் பீனால் வகைகள். நம் ஈரல் அவற்றைப் பக்குவமாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதி போதுமான அளவு கிடையாது. தட்டின் அடியில் தங்கிய பினாயில் அதன் பாதத்தில் ஒட்டும். பூனை சும்மா இருக்காது, பாதத்தை நக்கித் துடைக்கும். அப்படியே உள்ளே போய்விடும். வாயில் எச்சில் ஒழுக, நாக்கு வெந்து, தள்ளாடிக்கொண்டு வந்த பூனைகளை என் வேலைக் காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். "என்ன போட்டுத் துடைத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் ஒன்றாகத்தான் இருக்கும். வெள்ளை பினாயில் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் உள்ள பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. டெட்டாலும் அதே ரகம். மூலையில் போடும் அந்துருண்டை அதைவிட மோசம்.

பிளீச்சிங் பவுடர் போடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். பூனை மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது. பிளீச் அதோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அதை மூச்சிழுத்தால் கண்ணும் தொண்டையும் எரியும், இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சு அடைக்கும். இத்தனை ஆபத்தையும் ஏற்றுக்கொண்டு போட்டாலும் டாக்ஸோபிளாஸ்மா கூடு பிளீச்சில் சாகாது. அது சாவது கொதிநீரில். காசு செலவில்லாத மருந்து அதுதான், நம்மில் பலர் செய்யாததும் அதுதான்.

வாரம் ஒருமுறை செய்ய வேண்டியது இவ்வளவே. மணல் முழுவதையும் கட்டி வெளியேற்றுங்கள். தட்டில் ஒட்டியிருப்பதைப் பழைய செய்தித்தாளால் வழித்தெடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஒரு குண்டான் தண்ணீரைத் தட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், குழந்தைகளோ பூனைகளோ பக்கத்தில் வராதபடி கதவைச் சாத்திவிட்டு. அந்தத் தண்ணீரைக் கக்கூஸில் கொட்டுங்கள். செடிக்கோ வாசல் சாக்கடைக்கோ போகக் கூடாது. பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பும் அதற்கென்று தனியாக வைத்த பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, சோப்பு வாடை போகும்வரை அலசி, மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். எலுமிச்சை வாசனை சோப்பு வேண்டாம், அந்த வாசனை பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது. தட்டை ஒதுக்கிவிட்டு அரிசி மூட்டை ஓரமோ துவைக்கப் போட்ட துணி மேலோ போய் இருக்கும். நாற்றம் மட்டும் மிச்சம் என்றால் கொஞ்சம் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்து அலசினால் போய்விடும். தட்டு காயும்வரை பூனை எங்கே போகும் என்பதற்காகவே இரண்டு செட் தட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிளாஸ்டிக்கில் நகக்கீறல் விழ விழ, அதற்குள் வாடை குடிகொண்டுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை புதிது வாங்கிவிடுங்கள்.

இத்தனை கழுவியும் நாறுகிறது என்றால் மணலைத்தான் பார்க்க வேண்டும். ஆற்று மணலோ எம்-சாண்டோ மூத்திரத்தை உறிஞ்சாது. அது அடியில் இறங்கித் தேங்கும். கிருமிகள் அதில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். நீங்கள் மேலே எவ்வளவு அள்ளினாலும் நாற்றம் அடியிலிருந்து வரும். கடற்கரை மணல் இன்னும் கெடுதல். அதில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் காயவே காயாது. போதாததற்குத் தெருநாயும் பூனையும் ஏற்கெனவே அசுத்தம் செய்த இடம். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் அந்த ஈர மணலில் இருந்து நம் காலில் ஏறும். தோலுக்கடியில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடாக ஊர்ந்து, தூங்கவிடாமல் அரிக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் வெறுங்காலோடு மணலில் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

நாற்றத்தை அமுக்க அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ தூவுவது பழைய வழக்கம். தூவாதீர்கள். சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை கொண்டவை. மூத்திரத்தில் கரைந்து கிடக்கும் அம்மோனியாவை அவை வாயுவாகக் கிளப்பிவிடும். நாற்றம் கூடும், பூனையின் உள்ளங்கால் புண்ணாகும்.

கடையில் கேட் லிட்டர் என்று விற்பது பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். நம் நாட்டிலேயே குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாக வெட்டி எடுக்கிறார்கள். ஈரம் பட்ட இடம் மட்டும் உருண்டையாகக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்; அந்தக் கட்டியை அள்ளினால் மூத்திரமும் சேர்ந்து போய்விடும், மீதி மண் காய்ந்தபடியே இருக்கும். இந்தப் பத்து மாதமாவது இதற்குச் செலவு செய்யுங்கள் என்பது என் யோசனை. வாசனை சேர்க்காதது, தூசி குறைந்தது என்று கேட்டு வாங்குங்கள். லாவெண்டர், ரோஜா எல்லாம் நம் மூக்குக்காகச் சேர்ப்பது, பூனைக்காக இல்லை. தட்டில் மூன்று விரல்கடை உயரத்துக்குப் போட்டால் போதும். இந்த மண்ணை மட்டும் கக்கூஸில் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரில் பல மடங்கு ஊதிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

அந்தச் செலவு கட்டுப்படியாகாதென்றால், நர்சரியில் கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு உதிர்த்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துப் போடலாம். நன்றாக உறிஞ்சும், நாற்றத்தையும் ஓரளவு பிடித்துவைக்கும். கட்டிபிடிக்காது என்பதால் ஈரமான இடத்தைத் தினமும் தோண்டி எடுக்க வேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் இதுதான். மரத்தூளில் மெல்லிய தூசி பறக்கும். இழுப்பு உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். நெல் உமி இலவசமாகக் கிடைக்கிறதே என்று போடுவார்கள், அதன் மேல்தோல் தண்ணீரை ஏற்காது.

மழைக்காலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் கடலூர்ப் பக்கத்தில் வீடுகளுக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் மணலும் கிடைக்காது, வெயிலும் இருக்காது. அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு பை லிட்டர் மண்ணை வாய் இறுக்கிக் கட்டிப் பரண் மேல் போட்டுவிடுங்கள். அதுவும் தீர்ந்தால் செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் மொத்தமாக மாற்றினால் போதும். மழை மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம். டாக்ஸோபிளாஸ்மா கூடுகளுக்கு வறட்சிதான் எதிரி, ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். அதனால் வெயில் மாதத்தில் ஒருவேளை அசட்டையாக இருந்தாலும் கார்த்திகை மார்கழியில் இருக்கவே கூடாது.

தினசரி வேலைக்கு ஐந்து நிமிடம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் கழித்துப்போட்ட ஒரு பழைய ஜல்லிக்கரண்டியே ஸ்கூப்புக்குப் போதும். அது திரும்பச் சமையலறைக்குப் போகாதபடி தட்டின் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். மெதுவாகக் கிளறுங்கள், தூசி எழும்பக் கூடாது. அள்ளியதைச் செய்தித்தாளில் மடித்து, அகலமாக வாய் வெட்டிய பாண்லே பால் பாக்கெட்டிலோ மாவு வந்த பையிலோ போட்டுக் கட்டி, அன்றைய குப்பையோடு அனுப்புங்கள். திறந்த கூடையில் போட்டுவைத்தால் ஈயும் கரப்பானும் அதை மிதித்துவிட்டு உங்கள் அடுப்படிக்கு வரும். கையைச் சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். தோட்டத்து உரக்குழியில் கொட்டுவது மட்டும் கூடவே கூடாது. அந்த எரு நாளைக்கு உங்கள் கீரைப் பாத்திக்குத்தான் போகும்.

தட்டு எத்தனை என்றால், பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்பது கணக்கு. உங்களுக்கு மூன்று. முத்தியால்பேட்டை வீடுகளின் நீள வாட்டம் எனக்குத் தெரியும், இடம் இல்லையென்றால் இரண்டுக்குக் குறையாமல் வையுங்கள், இரண்டையும் ஒரே மூலையில் வைக்காமல். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனை எவ்வளவு நீளமோ அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம் தட்டுக்கு வேண்டும். கடையில் விற்கும் சின்ன டிரேயைவிடத் துணி ஊறவைக்கும் அகல டப் நல்லது. சமையலறையிலும் சாப்பிடும் இடத்திலும் கூடாது. மாடிப்படி அடி, காற்றோட்டமுள்ள குளியலறை ஓரம், கூரையுள்ள பின்கட்டு எல்லாம் சரி. மொட்டை மாடியில் வைத்துவிட்டு மே மாதத்தில் பூனை போகவில்லை என்று குறைபட்டுக்கொள்ளக் கூடாது, அந்தச் சூட்டில் நாமே கால் வைக்க மாட்டோம்.

தினமும் அள்ளுவதில் இன்னொரு பலன் இருக்கிறது, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. தட்டுதான் அதன் நாடி. நலமாக உள்ள பூனை நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு முறை மூத்திரம் போகும், ஒருமுறை மலம் போகும். திடீரென்று கட்டிகள் பெரிதாகவும் அதிகமாகவும் ஆனால் சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்க வேண்டும். மலத்தில் அரிசி போல நெளிந்தால் நாடாப்புழு. எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று, உங்கள் வீட்டில் ஆண் பூனை இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். அது அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல் எழுந்து வந்தால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கும். இரண்டு நாளில் உயிர் போய்விடும். அன்றே, அந்த மணியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். உங்களுக்குக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில் இருக்கிறது.

புழு மருந்து தவறாமல் கொடுங்கள். பூனையின் உருண்டைப்புழு முட்டையும் மலத்தில்தான் வருகிறது. அது முற்ற இரண்டு மூன்று வாரம் எடுக்கும் என்பதால் தினமும் அள்ளும் வீட்டில் அதற்கும் வழியில்லை. குட்டி போட்டால் மூன்று வாரத்திலிருந்தே மருந்து தொடங்க வேண்டும், தாய்ப்பால் வழியாகவே புழு வந்துவிடும். வீட்டில் கீமோ எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர் யாராவது இருந்தால் கர்ப்பிணிக்குச் சொன்ன அத்தனையும் அவர்களுக்கும் பொருந்தும். வேறு ஆளே இல்லாமல் உங்கள் மனைவியே ஒருநாள் அள்ள நேர்ந்தால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, முந்தின நாளுடையது மிச்சமில்லாமல் இருக்கும்போது செய்யட்டும். அதற்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டாம்.

மீன் மார்க்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் உங்கள் அம்மா சொல்கிறார், கல்நெஞ்சம் கொண்டு சொல்லவில்லை என்பது எனக்குப் புரிகிறது. கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கமும் அப்படி விட்டுப் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற பூனைகள் புதிதாக வந்ததை அண்டவிடாது, நாய்கள் துரத்தும். மூன்று வருஷம் தலையணை ஓரம் தூங்கிய பூனை வண்டிக்கடியில் ஒளிந்துகொண்டு, கூப்பிட்டால் வராமல், நாலைந்து நாளில் சுருண்டுவிடும். அப்படிக் கிடந்தவற்றைத் தூக்கி வந்து என்னிடம் காட்டியவர்கள் உண்டு. சிலவற்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. பிழைத்ததோ எலி பிடித்துத் தின்னும், அதுவரை இல்லாத டாக்ஸோபிளாஸ்மா அப்போதுதான் அதற்குத் தொற்றும், தெருவில் உள்ள ஒவ்வொரு மணல் குவியலிலும் அதைப் போட்டுவிட்டு வரும். உங்கள் வீட்டுக்குள் தட்டில் அடங்கியிருந்த ஒன்றைத் தெரு முழுக்க இறைத்ததாக ஆகும். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். தினமும் இரண்டு வேளை நீங்கள் அள்ளுவதை அவர் கண்ணால் பார்த்தாரானால் பாதி பயம் போய்விடும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பக்கத்து மனை மணல்தான் உங்கள் பூனைகளைவிட எனக்குக் கவலை தருகிறது. தெருப் பூனைகளுக்கு அது திறந்த கக்கூஸ். அவற்றுக்கு ஒரு நாள் கணக்கு பார்த்து அள்ள ஆள் இல்லை. வாரக்கணக்கில் முற்றியது அதில் இருக்கும். அதை அள்ளி வந்து நீங்களே வீட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள். டப்பில் இருப்பதை இன்றே கையுறையோடு மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட்டு, டப்புக்கு மேலே சொன்ன கொதிநீர் வைத்தியம் செய்யுங்கள். தெருப் பிள்ளைகள் அந்தக் குவியலில் வீடு கட்டி விளையாடுவார்கள், வெயில் தாழ்ந்ததும். மேஸ்திரியிடம் பேசி, வேலை முடிந்து போகும்போது தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தால் போதாது, கடல் காற்று தூக்கிவிடும். ஓரம் முழுக்கச் சுற்றி வைக்க வேண்டும்.